மகளுக்குச் சாக்கர் காம்பெடிட்டிவ் டீமில் இடம் வந்திருக்கிறது, ரெக் டீமை விட்டுப் போகலாமா?

கவி_ஃப்ரீமாண்ட்:

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிறோம். மகள் 2016 அக்டோபரில் பிறந்தவள், மூன்றாம் வகுப்பு. ஐந்து வயதிலிருந்து ஊர் கிளப்பின் ரெக்ரியேஷனல் (ரெக்) பிரிவில், அதாவது பொழுதுபோக்குப் பிரிவில், சாக்கர் (கால்பந்து) ஆடுகிறாள். வாரத்தில் ஒரு நாள் பிராக்டிஸ், சனிக்கிழமை ஓர் ஆட்டம், அவ்வளவுதான். அவள் தோழியின் அப்பாதான் கோச்.

போன வாரம் அதே கிளப்பின் காம்பெடிட்டிவ் பிரிவுக்கு (போட்டி டீம்கள்) ட்ரைஅவுட், அதாவது ஆட வைத்துத் தேர்ந்தெடுப்பது, நடந்தது. தோழிகள் போகிறார்கள் என்று இவளும் போனாள். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்துவிட்டது. இரண்டாவது டீமில் இடம் இருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், 400 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், அது திரும்பி வராது. ஆண்டுக் கட்டணம் 2,600 டாலர். ஜெர்சி, பை எல்லாம் தனி. இப்போது ரெக்கில் ஒரு சீசனுக்கு 240 டாலர்தான் கட்டுகிறோம். வாரம் மூன்று பிராக்டிஸ், மாதம் ஒரு டோர்னமெண்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் போய்விடும்.

கணவர் சேர்த்துவிடலாம் என்கிறார். திறமை இருக்கும்போது நாம் ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்குத் தூக்கம் வரவில்லை. மகளைக் கேட்டால் "ரெண்டும் ஆடுறேன்" என்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மா சனிக்கிழமை தோறும் மடக்கு நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறார். டீமின் பத்துப் பிள்ளைகளையும் ஜெர்சி எண்ணை வைத்தே அவருக்குத் தெரியும்.

இந்த வழியில் ஏற்கெனவே போனவர்கள் சொல்லுங்கள்.

பிளேனோ_செந்தில்:

டெக்சாஸில் இதை செலக்ட் என்போம், கிழக்குக் கரையில் டிராவல் என்பார்கள், உங்கள் பக்கம் காம்ப். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். ரெக்கில் பெயர் கொடுத்தால் இடம் உண்டு. இதில் தேர்ந்தெடுத்தால்தான் இடம், கோச்சுக்குச் சம்பளம் உண்டு.

கவி, நான் சேர்க்கத்தான் சொல்வேன். என் மகன் யு-9-ல் (ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவு) மாறினான், இப்போது யு-13. ரெக்கில் இருந்த கோச் தங்கமான மனிதர். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கோலை நோக்கி உதைக்கச் சொல்வார். ஒரு மணி நேரத்தில் என் மகன் பந்தைத் தொட்டது இருபது தடவை இருந்தால் அதிகம். புது இடத்தில் முதல் நாளே ஆளுக்கொரு பந்து. இடது காலால் பந்தை நிறுத்தவே தெரியாதவன், ஆறு மாதத்தில் இரண்டு காலாலும் பாஸ் கொடுத்தான்.

நன்றாக ஆடும் பிள்ளைக்கு ரெக் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும் என்பதையும் யோசியுங்கள். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் தடுக்க ஆள் இருக்காது, பாஸ் கொடுத்தால் வாங்க ஆள் இருக்காது. என் மகன் ஆறு கோல் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறுவான்.

48 மணி நேரக் கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். போன் செய்து ஒரு வாரம் கேளுங்கள். பிள்ளை வேண்டும் என்றால் காத்திருப்பார்கள்.

பழைய_ரெக்_கோச்:

நான் தெற்கு கலிஃபோர்னியாவில் ஏஒய்எஸ்ஓ (அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்) என்ற ரெக் அமைப்பில் பதினோரு வருடமாகக் கோச். சம்பளம் கிடையாது. செந்தில் சொன்ன அந்த வரிசைப் பிராக்டிஸை முதல் இரண்டு வருடம் நானும் செய்தேன், அது உண்மை. பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஏஒய்எஸ்ஓ 1964-ல் எங்கள் பக்கத்து டாரன்ஸில் தொடங்கியது. அதன் கொள்கைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. எல்லாப் பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். டீம்களைச் சமபலமாகப் பிரிக்க வேண்டும். ட்ரைஅவுட் கிடையாது, பெயர் கொடுத்த பிள்ளைக்கு இடம். இதில் சமபலம் என்பதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சீசனும் டீமைக் கலைத்துப் போடுவதால் தோழிகள் பிரிந்து போவார்கள். அதற்காக என் முன்னால் அழுத பிள்ளைகள் நிறைய.

கவி, கிளப்பிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மகள் எத்தனை நிமிடம் ஆடுவாள் என்பது. யு-10-ல் ஏழு பேர் ஆட்டம், 25 நிமிடமாக இரண்டு பாதி. இரண்டாவது டீமில் 12 பிள்ளைகளை எடுத்தால் எந்த நேரமும் ஐந்து பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலான காம்பெடிட்டிவ் ஒப்பந்தங்களில் ஆட்ட நேரத்துக்கு உறுதி கிடையாது. நீங்கள் கட்டும் பணம் பயிற்சிக்குத்தான். எழுத்துகள் பொடியாக இருக்கும் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

அடுத்தது, ஒன்பது வயதில் ரெக்கில் இருந்தால் பேருந்தைத் தவறவிட்ட மாதிரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அலெக்ஸ் மோர்கன் சிறு வயதில் ஆடியது ஏஒய்எஸ்ஓ ரெக் டீமில்தான். கிளப் டீமில் சேர்ந்தது 14 வயதில். 2015, 2019 இரண்டு உலகக் கோப்பையும் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணியில் இருந்தவர். எல்லோரும் அவர் ஆக மாட்டார்கள், அது தெரியும். ஆனால் 14 வரை கதவு திறந்தே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கவி_ஃப்ரீமாண்ட்:

நன்றி. கேட்டேன், ஒரு வாரம் கொடுத்துவிட்டார்கள் செந்தில் அண்ணா! இன்னொரு குழப்பம். அடுத்த வருடம் வயதுப் பிரிவை மாற்றுகிறார்கள், அதனால் இவள் மறுபடியும் யு-10 என்கிறார்கள். மேலே போகாமல் அதே பிரிவிலேயே இருப்பது பின்னடைவா?

கிளப்_பொருளாளர்:

இல்லை. உங்கள் மகளுக்கு இது நல்லது. நான் வேறு ஊரில் ஒரு சிறிய கிளப்பில் பொருளாளர், வருடத்துக்கு இரண்டு மாதம் பதிவு வேலையும் என் தலையில்தான், அதனால் இந்தக் கணக்கு மனப்பாடம்.

2017-லிருந்து அமெரிக்கா முழுக்கப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்தார்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு பிரிவு. பள்ளி வகுப்புக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, ஆனால் டீமில் பாதிப் பேர் நான்காம் வகுப்பாக இருந்திருப்பார்கள். இப்போது யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ மூன்று அமைப்புகளும் 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற பழைய முறைக்குத் திரும்புகின்றன. புது யு-10 என்றால் 2016 ஆகஸ்ட் 1-லிருந்து 2017 ஜூலை 31 வரை பிறந்தவர்கள். 2016 அக்டோபர்க் குழந்தை அதில் மூத்தவர்களில் ஒருத்தி. இதுவரை தன்னைவிட ஒன்பது மாதம் பெரியவர்களோடு மோதிக்கொண்டிருந்தாள். அந்த வயதில் ஒன்பது மாதம் என்பது உயரத்தில், வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். ட்ரைஅவுட்டில் கோச்சுகள் திறமை என்று நினைத்து எடுப்பதில் கொஞ்சம் வெறும் பிறந்த மாதம்தான்.

அதாவது இந்த முறை இரண்டாவது டீம் என்றால், சொந்த வயதுப் பிள்ளைகளோடு நிற்கும்போது அவள் இடம் எங்கே என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அவசரப்பட வேண்டிய வருடம் இது இல்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் இதைக் கேட்பதே இல்லை. ரெக் கட்டணம் மைதான வாடகை, மாநிலச் சங்கப் பதிவு, காப்பீடு, ரெஃப்ரி, சட்டை, பந்து இவற்றுக்குப் போகிறது. காம்பெடிட்டிவ் கட்டணத்தில் பெரும்பங்கு கோச் சம்பளம், பிறகு லீக், டோர்னமெண்ட் நுழைவு. எங்கள் கிளப்பில் ரெக்கில் 600 பிள்ளைகள், காம்ப்பில் 90 பேர். ஆனால் போர்டு கூட்டத்தில் பத்தில் எட்டு நிமிடம் அந்த 90 பேரைப் பற்றித்தான் பேசுவோம். நல்ல வெளிச்சமுள்ள மைதானம் அவர்களுக்கு, குண்டும் குழியுமான பள்ளி மைதானம் ரெக்குக்கு. இதை மாற்ற மூன்று வருடமாகச் சண்டை போடுகிறேன்.

பெரும்பாலான ஊர் கிளப்புகள் லாப நோக்கற்ற அமைப்புகள். 50,000 டாலருக்கு மேல் வரவு உள்ள அமைப்பு வருமான வரித் துறைக்குப் படிவம் 990 அல்லது அதன் சிறு வடிவத்தைக் கொடுக்கிறது, அதை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். உங்கள் கிளப்புடையதை எடுத்துப் பாருங்கள். கட்டண உதவியும் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். எங்கள் உதவி நிதியில் ஒவ்வொரு வருடமும் பணம் மீந்துபோகிறது, கேட்பவர் இல்லாமல்.

எடிசன்_அம்மா:

நான் இந்த மாதிரித் தலைப்புகளில் எழுதுவதில்லை. இன்று எழுதுகிறேன்.

எங்கள் மகனை எட்டு வயதில் டிராவல் டீமில் சேர்த்தோம். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் கோச் மாறினார். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் டோர்னமெண்டில் மூன்று ஆட்டம், என் மகன் மொத்தமாக ஆடியது 22 நிமிடம். நான் மொபைலில் குறித்து வைத்தேன். குறிக்க ஆரம்பித்ததே தவறு என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் நான் குறிப்பதை அவன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு ஆட்டம் முடிந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

பத்து வயதில் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் நொண்டுவான். மருத்துவர் சீவர்ஸ் என்றார், வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் வருவது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஓய்வு கொடுத்தால் டீமில் இடம் போய்விடும் என்று நாங்கள் கொடுக்கவில்லை. டேப் ஒட்டி அனுப்பினோம். அந்த மருத்துவரே ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016-ல் சொன்னது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆடும் ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் விலகல், ஒரே விளையாட்டு என்று ஒதுங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடுவது. அந்தத் தாளை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன். ஒட்டிவிட்டு டோர்னமெண்டுக்கும் கூட்டிப் போனேன்.

பன்னிரண்டில் நிறுத்திவிட்டான். இப்போது பள்ளியில் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறான், மகிழ்ச்சியாக இருக்கிறான். ஆனால் வீட்டில் பந்து கிடந்தால் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவான். அதுதான் எனக்கு வலிக்கிறது.

பிளேனோ_செந்தில்:

எடிசன் அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மகனுக்கும் போன வருடம் முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. எங்கள் கோச் ஆறு வாரம் உட்கார வைத்தார், இடத்தையும் வைத்திருந்தார். கோச் நல்லவராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கவி, டீமின் பெயரைப் பார்க்காதீர்கள், உங்கள் மகளுக்கு யார் கோச் என்று பாருங்கள். அந்தக் கோச் அடுத்த வருடமும் இருப்பாரா என்றும் கேளுங்கள்.

ஆனால் நான் சொன்னதில் ஒன்றை விட மாட்டேன். சில பிள்ளைகளுக்கு ஆழமாகக் கற்றுக்கொள்ளும் பசி இருக்கிறது. அதற்குத் தீனி போடாமல் இருப்பதும் ஒரு குறைதான்.

ராலே_ராஜா:

கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றி யாரும் பேசவில்லையே? அதற்காகத்தானே பலர் இவ்வளவு செலவு செய்கிறார்கள்.

கிளப்_பொருளாளர்:

ராஜா சார், அந்தக் கணக்கு போட்டால் யாரும் கட்டமாட்டார்கள். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) முதல் பிரிவு ஆண்கள் சாக்கரில் 2025 வரை ஒரு கல்லூரிக்கு 9.9 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். பெண்களுக்கு 14. இப்போது புது முறைக்குச் சம்மதித்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டு டீமில் 28 பேர் என்று மாற்றியிருக்கிறார்கள், ஆனால் எல்லாக் கல்லூரியும் 28 பேருக்கும் பணம் கொடுக்கப் போவதில்லை. வருடம் 4,000 டாலர் பத்து வருடம் கட்டுகிற குடும்பம் அதைக் கல்லூரி நிதியில் போட்டாலே போதும். சாக்கர் ஆடப் பிடிக்கிறது என்பதற்காக மட்டும் கட்டுங்கள்.

கேரி_ரெஃப்ரி_பொண்ணு:

வணக்கம் ஆன்ட்டி, அங்கிள். எனக்கு 19 வயது. நார்த் கரோலினாவில் கேரியில் வளர்ந்தேன். பத்து வயது வரை ரெக், பிறகு காம்பெடிட்டிவ், பதினாறில் மறுபடி ரெக். 13 வயதிலிருந்து ரெஃப்ரியாகவும் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் உள்ளே இருந்து பார்த்ததால் எழுதலாம் என்று தோன்றியது.

காம்பெடிட்டிவ் எனக்குப் பிடித்தது. என்னைப் போலவே சாக்கர் பைத்தியமாக இருந்த பெண்கள் எனக்கு அங்கேதான் கிடைத்தார்கள். வேக்மெட் பார்க் மைதானத்தில் எங்கள் மாநிலப் பெண்கள் அணியான நார்த் கரோலினா கரேஜின் ஆட்டம் பார்க்க டீமாகப் போவோம், போய் வந்து இரவெல்லாம் பேசுவோம். ரெக்கில் அது கிடைக்கவில்லை. பதினாறில் திரும்பி வந்தது தோல்வியால் இல்லை, பள்ளிப் படிப்பு கூடிவிட்டது, விளையாட்டு வேண்டும், அதற்கு ரெக் சரியாக இருந்தது. வந்தபோது கிளப்பில் பதினாறு வயதுப் பெண்களுக்கு ரெக் டீம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பக்கத்து ஊர்களோடு சேர்ந்துதான் ஆடினோம். பெரிய பிள்ளைகளுக்கு ரெக் இருப்பதே பல கிளப்புகளுக்கு நினைவில்லை.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழியும் காயம் பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஃபிஃபா 11+ என்று இருபது நிமிட வார்ம்அப் இருக்கிறது, நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில் காயங்கள் குறைந்தன. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வடிவம் உண்டு. ரெக்கோ காம்ப்போ, கோச் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். காசு செலவே இல்லை.

ரெஃப்ரியாக ஒரு வேண்டுகோள். யு-10-ல் பந்தைத் தலையால் முட்டுவதற்கு அனுமதி இல்லை, 2015-ல் வந்த விதி. நான் விசில் ஊதி எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தால் ஓரத்திலிருந்து கத்துகிறார்கள். எனக்கு அப்போது 14 வயது. கத்தியவர்கள் என் அப்பா வயது.

பழைய_ரெக்_கோச்:

தங்கச்சி, அந்தக் கடைசிப் பத்தியை அச்சடித்து எங்கள் மைதான வேலியில் மாட்டப் போகிறேன். உன் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கவி_ஃப்ரீமாண்ட்:

ஒரு வாரம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது டீம் கோச்சை நேரில் பார்த்தோம். இளைஞர், நல்லவர், இரண்டு பிராக்டிஸுக்கு இவளை வரச் சொன்னார். 12 பிள்ளைகள் என்று மறைக்காமல் சொன்னார், ஆட்ட நேரம் பாதிக்குக் குறையாமல் பார்க்கிறேன், ஆனால் எழுதித் தர முடியாது என்றார். அடுத்த வருடம் இருப்பாரா என்றால் தெரியவில்லை, முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். பிராக்டிஸ் உண்மையில் அருமை. மகள் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். பிடித்திருந்தது என்றாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ரெக் கோச்சின் மகள் முதல் டீமில் சேர்ந்துவிட்டாள். அவர் மகளோடு போகிறார், அது நியாயம்தான். இன்னும் இரண்டு பேர் போகிறார்கள். மீதி ஏழு பிள்ளைகளுக்குக் கோச் இல்லை. கிளப்பைக் கேட்டால், ஒரு பெற்றோர் முன்வராவிட்டால் டீம் இல்லை, பிள்ளைகளை இடமிருக்கும் டீம்களில் பிரித்துப் போடுவோம் என்றார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளை மேலே போகும்போது அதன் கூடவே கோச்சாக இருந்த அப்பாவும் போய்விடுகிறார் என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. ரெக் மெலிந்துபோவது இப்படித்தான் போலிருக்கிறது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம், பணம் தவிர. அவள் கேட்ட ஒரே கேள்வி, "7-ம் நம்பருக்கு யார் டீம் கொடுப்பா?" 7-ம் நம்பர் பந்தைப் பார்த்தால் ஒதுங்கும் குழந்தை, இந்த சீசன் கடைசி ஆட்டத்தில்தான் முதல் முறையாக ஒரு பந்தைத் தடுத்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார் அன்று.

என் கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் கிளப் இணையதளத்தில் கோச்சாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். சேர்த்துவிடலாம் என்று அடம்பிடித்தவர் அவர்தான்! சேஃப்ஸ்போர்ட் (பிள்ளைகள் பாதுகாப்பு) பயிற்சி முடித்தாயிற்று, கலிஃபோர்னியாச் சட்டப்படி பின்னணிச் சோதனைக்குக் கைரேகை கொடுத்தாயிற்று. இந்த வருடம் ரெக்கில் இருக்கிறாள், கூடவே புதன்கிழமைகளில் காம்ப் பிரிவின் திறன் வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டிப் போகிறாள், அது எட்டு வாரம்தான். அடுத்த வசந்தத்தில் சொந்த வயதுப் பிள்ளைகளோடு ட்ரைஅவுட்டுக்கு நிற்பாள், அவளுக்கு வேண்டுமென்றால். அந்த இளைஞர் கோச் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

செந்தில் அண்ணா, பசிக்குத் தீனி என்று நீங்கள் சொன்னதால்தான் புதன்கிழமை வகுப்பு. எடிசன் அக்கா, உங்கள் பதிவைக் கணவர் இரண்டு தடவை படித்தார்.

இப்போது அவசர உதவி வேண்டும். கணவருக்குச் சாக்கர் தெரியாது. முதல் பிராக்டிஸ் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு. என்ன செய்வது?

பழைய_ரெக்_கோச்:

கவிம்மா, அவரிடம் சொல்லுங்கள், வரிசை மட்டும் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் 4-ம் அளவுப் பந்து கொண்டு வரட்டும், பெயர் எழுதி. பத்துக் கூம்பு, இரண்டு நிறத்தில் மேல்சட்டை போதும்.

முதல் பிள்ளைகள் இரண்டு பேர் வந்ததுமே ஒன்றுக்கு ஒன்று ஆட்டம் தொடங்கிவிடட்டும், வர வரச் சேர்த்துக்கொண்டு மூன்றுக்கு மூன்று. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு விஷயம் பயிற்சி. முதல் நாளுக்கு, பந்தோடு திரும்புவது. சதுரமாகக் கூம்பு வைத்து எல்லோரும் பந்தோடு உள்ளே ஓட வேண்டும், அவர் கை தட்டினால் திரும்ப வேண்டும், இரண்டு தடவை தட்டினால் இன்னொருவர் பந்தைத் தட்டிவிடலாம். கடைசி இருபது நிமிடம் மறுபடி ஆட்டம், அவர் வாயைத் திறக்கக் கூடாது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தால் எதிரணி பில்ட்அவுட் கோட்டுக்கு (கோலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே போடும் கோடு) பின்னால் போக வேண்டும், கீப்பர் கையிலிருந்து விட்டு உதைக்கக் கூடாது. யு-10-ல் இதை முதல் நாளே பழக்கினால் சனிக்கிழமை குழப்பம் இருக்காது.

தண்ணீர் இடைவேளை இரண்டு. எல்லாப் பெயரையும் முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். கஷ்டமாக இருந்தால் உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும்.